‘பேசவும்’ என்று எழுதாதீர்கள்

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் திருச்சி, ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

மாவட்ட மைய நூலகத்தில் உங்களைத் தினமும் பார்க்கிறேன். கதவு திறக்கும் முன்பே பையோடு வந்து நிற்கிறீர்கள். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், முனை மடங்கிப்போன அரசியல் சாசனப் புத்தகம், நாலு நிறப் பேனா. நான் பேப்பர் படிக்க வருகிற கிழவன். உங்களுக்கு என்னை ஞாபகம் இருக்காது. ஆனால் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலிக்காக ஒருமுறை உங்களில் ஒருவரோடு சண்டை போட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஞாபகம் இருக்கலாம். அதற்கு இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் அதிகாரியாக இருந்தவன் அல்ல. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 1981இல் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, 2015இல் சூப்பிரண்டாக வீட்டுக்கு வந்தவன். அதிகாரிகள் கிறுக்கிக் கொடுத்ததைப் புரியும்படி அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. முப்பத்துநாலு வருஷம் மற்றவர்களின் குறிப்புகளை அடித்தவனுக்கு ஒரு விஷயம் பிடிபட்டுவிடும். ஓர் அதிகாரியின் தரம் அவர் ஃபைலில் எழுதுகிற நாலு வரியில் இருக்கிறது. அறையின் அளவு, வாசலில் நிற்கிற டவாலி, கார் இதெல்லாம் எதையும் சொல்லாது.

ஃபைலில் ‘பேசவும்’ என்று ஒரு சொல் உண்டு. சிக்கலான ஒரு விஷயத்தைக் கீழேயிருந்து மூன்று பக்கத்துக்கு எழுதி மேலே அனுப்புவோம். இரண்டு நாள் கழித்து ஃபைல் திரும்பி வரும். ஓரத்தில் பச்சை மசியில் ‘பேசவும்’ என்று மட்டும் இருக்கும். உள்ளே போய் நின்றால் அதிகாரி வாயால் ஏதோ சொல்வார். வாயால் சொன்னதற்குக் கையெழுத்து கிடையாது. நாளைக்கு ஏதாவது வந்தால் அவர் சொல்லவில்லை, நாம்தான் செய்தோம். நான் பார்த்தவரை, நல்ல மூளைக்காரர்கள் பலர் இந்த ஒரு சொல்லால் தங்களைக் காப்பாற்றிக்கொண்டே ஓய்வு பெற்றார்கள்.

இந்தச் சொல்லால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாத ஒருவரைப் பற்றித்தான் இந்த மடல். திருச்சியில் பிறந்தவர். போன மாதம் டீக்கடையில் உங்களில் நாலைந்து பேரிடம் அவர் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். “ஜெய்சங்கரோட அப்பாவா சார்?” என்று ஒரு பெண் கேட்டாள். மற்றவர்களுக்கு அதுவும் தெரியவில்லை. வெளியுறவு அமைச்சரின் அப்பா என்பது சரிதான். ஆனால் மகன் அமைச்சராவதற்கு வெகுகாலம் முன்பே, இந்த நாட்டின் பாதுகாப்பைப் பற்றி யோசிப்பவர்கள் எல்லோரும் அவரோடு ஒத்துப்போயோ மோதியோதான் யோசிக்க வேண்டியிருந்தது.

கே. சுப்பிரமணியம். 1929 ஜனவரி 19 அன்று திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். பள்ளிப் படிப்பு திருவள்ளூரிலும் சென்னையிலும். மாநிலக் கல்லூரியில் வேதியியல் எம்.எஸ்சி. 1950ஆம் ஆண்டின் தேர்வில் நாட்டிலேயே முதலிடம். 1951 அணியில் சென்னை மாகாணத்து ஐ.ஏ.எஸ். அதிகாரி.

இங்கே ஒரு கிளைக்கதை. திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமனும் அதே மாநிலக் கல்லூரியில் படித்து, நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்று, 1907இல் கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியாகச் சேர்ந்தவர். பத்து வருஷம் கழித்து அந்தச் சம்பளத்தை உதறிவிட்டு விஞ்ஞானத்துக்குப் போனார். இவர் விஞ்ஞானத்தை விட்டு உத்தியோகத்துக்கு வந்தார். காவிரிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். தேர்வில் முதலிடம் வாங்கினால் அடுத்தது என்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதிலும் நம் ஊரிலேயே கிடைக்கும்.

சுப்பிரமணியம் பாதுகாப்பு அமைச்சகத்தில் துணைச் செயலாளராக இருந்த வருஷங்கள் 1962 முதல் 1965 வரை. அந்த வருஷங்களின் கனம் உங்களுக்குத் தெரியும். சீனாவிடம் அடிவாங்கிய நாடு, ராணுவத்துக்கு என்ன வேண்டும், அதற்கு எங்கே காசு, யாரிடம் கேட்பது என்று முதல் தடவையாக உட்கார்ந்து கணக்குப் போட்ட காலம். 1962 நவம்பரில்தான் பாதுகாப்பு உற்பத்திக்கென்று தனித் துறையே பிறந்தது. துவாக்குடி, நவல்பட்டுப் பக்கம் இன்றைக்கு ஷிப்ட் பஸ்கள் ஓடுவதற்கும் அந்தத் தோல்விக்கும் தொடர்பு உண்டு. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966இல் வந்தது. அதற்கு முந்தின வருஷம் செக்கோஸ்லோவாகியாவின் உதவியோடு ‘பெல்’ வந்திருந்தது. கொதிகலன் செய்யத் தெரியாத நாடு, அதைச் செய்யத் தெரிந்த, பனிப்போரில் சோவியத் அணியில் நின்ற ஒரு நாட்டோடு ஒப்பந்தம் போட்டது. பொருளாதார ராஜதந்திரம் என்று உங்கள் பாடத்திட்டத்தில் ஒரு தலைப்பு இருக்கிறதே, அதற்கு எடுத்துக்காட்டு எழுத வேறெங்கும் போக வேண்டாம். திருவெறும்பூர் ஸ்டேஷனில் இறங்கினால் போதும்.

அந்த நாட்களின் மறுபக்கத்தை நான் வயிற்றால் அறிந்தவன். 1966இல் எனக்குப் பதினோரு வயது. ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் கோதுமை போட்டார்கள். அமெரிக்கக் கோதுமை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. திருகையில் உடைத்துக் கஞ்சி காய்ச்சினாள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, நெல் வயலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடல் கடந்து வந்த தானியத்தைத் தின்றோம். வாஷிங்டனில் ஜனாதிபதி ஜான்சன் அந்தக் கப்பல்களைத் தாராளமாக விடாமல், இந்தியா என்ன பேசுகிறது என்று பார்த்துப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தார். நம் சி. சுப்பிரமணியம், மத்திய உணவு அமைச்சர், 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் அமைச்சரோடு உட்கார்ந்து ஓர் உடன்பாடு செய்திருந்தார். 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்தது 7 ரூபாய் 50 காசாயிற்று. பசியும் டாலரும் எல்லைப்புறமும் ஒரே கயிற்றின் முறுக்கு என்று புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட தலைமுறை அல்ல எங்களுடையது.

கே. சுப்பிரமணியம் அந்தச் சமயத்தில், 1966-67இல், லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் போரியல் ஆய்வுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து 1968இல் தில்லியில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். மூன்றே வயதான நிறுவனம். ஒரு கலெக்டர் பதவியின் பவிசுகூட இல்லாத இடம். ராணுவத்தைப் பற்றி ராணுவத்தாரும், பணத்தைப் பற்றி நிதித்துறையும், வெளிநாட்டைப் பற்றி வெளியுறவுத் துறையும் தனித்தனியே யோசித்துக்கொண்டிருந்த தில்லியில், மூன்றையும் ஒரே மேஜையில் போட்டுப் பேசுகிற இடமாக அதை மாற்றினார். பாதுகாப்பும் வளர்ச்சியும் பகையாளிகள் அல்ல என்று 1970களின் தொடக்கத்திலேயே புத்தகம் எழுதினார்.

1971 மார்ச்சில் டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் கொலைவெறி ஆடத் தொடங்கிய சில நாட்களுக்குள் ஒரு கருத்தரங்கில் எழுந்து, பாகிஸ்தான் உடைவது இந்தியாவுக்கு நல்லது, இப்படியொரு வாய்ப்பு மறுபடி வராது என்று பச்சையாகச் சொன்னார். அரசு ஊழியர் பேசுகிற பேச்சா அது? அந்த வாக்கியத்தைப் பாகிஸ்தான் இன்றுவரை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறது. அத்தோடு நிற்கவில்லை. ஏறக்குறைய ஒரு கோடி அகதிகளுக்குச் சோறு போடும் செலவையும் போரின் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறுத்துப் பார்க்கிற வாதம் அந்த வருஷம் அவருடைய நிறுவனத்திலிருந்துதான் கிளம்பியது. அரசு அவர் அவசரத்துக்கு ஓடவில்லை. ஆகஸ்டில் சோவியத் ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு டிசம்பர் வரை பொறுத்தது. பொறுத்ததுதான் சரி என்பது என் கட்சி. ஆனால் வேகமாகப் போகச் சொன்னவரும் எழுத்தில், பகிரங்கமாக, தன் பெயரைப் போட்டுச் சொன்னார்.

1977இல் கூட்டு உளவுக் குழுவின் தலைவர். 1979இல் பாதுகாப்பு உற்பத்திச் செயலாளர். நாடு முழுக்க இருந்த படைக்கலத் தொழிற்சாலைகளுக்கென்று வாரியம் அமைந்ததும் அதே வருஷம்தான். நம் துப்பாக்கித் தொழிற்சாலையும் அவர் துறையின் கீழ்தான் இருந்தது. நாற்காலி நிலைக்கவில்லை. 1980இல் இந்திரா காந்தி திரும்பி வந்ததும் முதலில் தூக்கப்பட்ட செயலாளர் தன் அப்பாதான் என்று மகன் ஜெய்சங்கர் 2023இல் ஒரு பேட்டியில் சொன்னார். பிறகு ராஜீவ் காலத்தில் அவரைவிட இளையவர் ஒருவரை அமைச்சரவைச் செயலாளராக்கினார்கள் என்றும் அதே பேட்டியில் சொன்னார். தேர்வில் முதலிடம் வாங்கியவர், உத்தியோகத்தின் உச்சிப்படியில் கால் வைக்கவே இல்லை. 1980இலேயே அவரைப் பழைய ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தார்கள். தில்லிப் பேச்சில் அதற்குப் பெயர் ஓரங்கட்டுதல். அவர் அங்கே உட்கார்ந்து 1987 வரை எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார்.

அந்த நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1984 ஆகஸ்ட் 24. இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றைக் கடத்தி லாகூர், கராச்சி வழியாகத் துபாய்க்குக் கொண்டு போனார்கள். தில்லியில் அதைக் கையாண்ட குழுவில் ஓர் இளம் வெளியுறவு அதிகாரி. விமானம் கடத்தப்பட்டிருக்கிறது, வீட்டுக்கு வர முடியாது என்று அம்மாவுக்குப் போன் செய்துவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்று நாலு மணி நேரம் கழித்துத்தான் அந்த விமானத்தில் தன் அப்பா இருப்பது தெரிகிறது. 2024இல் ஜெனீவாவில் ஜெய்சங்கரே இதைச் சொன்னார். அரசுக் குழுவிலும் தான், அரசை நெருக்குகிற குடும்பத்தார் பக்கத்திலும் தான். பயணிகள் துபாயில் மீட்கப்பட்டார்கள். நேர்முகத் தேர்வில் ‘கடமையா, குடும்பமா’ என்று உங்களைக் கேட்பார்கள். எழுதி வைத்த பதிலை ஒப்பிக்கும் முன்பு இந்த மூன்று நாலு மணி நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுக்குப் பிறகு பத்திரிகைக்காரர் ஆனார். ஆங்கில நாளிதழ்களில் வாராவாரம் கட்டுரை. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை எதிர்த்தார். 1996இல் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்று வாதாடினார். 1998 மேயில் பொக்ரானில் குண்டு வெடித்தது. அந்த வேலையை ஒருங்கிணைத்த அப்துல் கலாம் நம் செயின்ட் ஜோசப் கல்லூரிக்காரர் என்பது உங்களுக்கு மனப்பாடம். அவரோடு அதே கல்லூரியில் படித்த ஸ்ரீரங்கத்து ரங்கராஜன், நம் சுஜாதா, பெங்களூரில் பாதுகாப்பு உற்பத்தித் துறையின் கீழ் இருந்த பி.இ.எல்.லில் வேலை பார்த்தவர் என்பதும் தெரியும். தெரியாத மூன்றாவது விஷயம் இது. குண்டை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்கிற கொள்கையின் வரைவை 1999 ஆகஸ்ட் 17 அன்று வெளியிட்ட தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியத்தின் அமைப்பாளர் திருச்சியில் பிறந்த இந்த சுப்பிரமணியம். முதலில் நாம் பயன்படுத்த மாட்டோம். எதிரி துணியாத அளவுக்குக் குறைந்தபட்சம் வைத்திருப்போம். அவ்வளவுதான் அதன் சாரம். குண்டே வேண்டாம் என்பவன் நான். இந்த விஷயத்தில் அவரோடு எனக்குக் கடைசிவரை ஒட்டாது. இருந்தாலும், குண்டு வேண்டும் என்று முப்பது வருஷம் வாதாடியவரே அதன் கழுத்தில் கயிறு கட்டவும் உட்கார்ந்தார் என்பதை மறுக்க முடியவில்லை.

இனி கார்கில். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

கன்டோன்மென்ட்டில் மேஜர் சரவணன் நினைவிடத்தைத் தாண்டித்தான் உங்களில் பலர் தினமும் வருகிறீர்கள். பீகார் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன். 1999 மே 29 அன்று படாலிக் மலைமுகட்டில் விழுந்தார். உடல் பனியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்து ஜூலையில்தான் மீட்கப்பட்டது. வீர் சக்கரம். அந்த உடல் ஊருக்கு வந்த நாளில் சாலையோரம் நின்றவர்களில் நானும் ஒருவன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “அவ்வளவு உசரத்துல அவன் ஏறி உக்கார்ற வரைக்கும் இவங்க என்னய்யா பண்ணாங்க?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் 1999 ஜூலை 29 அன்று கார்கில் மறுஆய்வுக் குழுவை அமைத்தார்கள். தலைவர் சுப்பிரமணியம். கூட லெப்டினன்ட் ஜெனரல் கே. கே. ஹசாரி, பத்திரிகையாளர் பி. ஜி. வர்கீஸ், செயலராக சதீஷ் சந்திரா. சம்மன் அனுப்புகிற அதிகாரம் இல்லாத குழு. ஆனால் கேட்ட ஃபைலெல்லாம் கிடைத்தது. சில மாதங்களில் அறிக்கையை முடித்தார்கள். 2000 பிப்ரவரி 23 அன்று, ரகசியப் பகுதிகளை நீக்கிவிட்டு, நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். புத்தகமாகவும் வந்தது. ‘திடுக்கிட்டதிலிருந்து கணக்குப் பார்த்தது வரை’ என்பதுபோல ஒரு தலைப்பு. இந்திய அரசு தன் பாதுகாப்பு ஏற்பாட்டின் ஓட்டைகளை இப்படிப் பொதுமக்கள் கையில் கொடுத்தது அபூர்வம். 1962 தோல்வியைப் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்னும் வெளியிடவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த அபூர்வம் விளங்கும்.

அந்தப் புத்தகத்தில் ஓர் இடம் இந்த டைப்பிஸ்டை எழுந்து உட்கார வைத்தது. எல்லைக்கு அப்பால் நடமாட்டம் இருக்கிறது என்று உளவுத்துறை இயக்குநர் 1998 ஜூனில், அதாவது ஊடுருவல் தெரிவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பு, ஓர் எச்சரிக்கை அனுப்புகிறார். பிரதமருக்குப் போகிறது. உள்துறைக்குப் போகிறது. ஆனால் வெளிநாட்டு உளவைப் பார்க்கிற ‘ரா’வின் தலைவருக்கும், எல்லாத் துண்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய கூட்டு உளவுக் குழுத் தலைவருக்கும் அது அனுப்பப்படவில்லை.

கடிதத்தின் அடியில் இடது ஓரத்தில் ‘நகல்’ என்று ஒரு பட்டியல் அடிப்போம். அதிகாரிகள் அதைப் பார்ப்பதே இல்லை. போன கடிதத்தில் இருந்ததை அப்படியே போடு என்பார்கள். நகல் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனதால் என் அலுவலகத்தில் ஒருவரின் பென்ஷன் எட்டு மாதம் நின்றது, அடித்தவன் நான். அங்கே விட்டுப்போனது எதில் போய் முடிந்தது என்பதற்குக் கன்டோன்மென்ட்டில் நினைவிடம் இருக்கிறது. அந்த ஒரு நகல் போயிருந்தால் போரே வந்திருக்காது என்று அறிக்கை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பனிக்காலத்தில் ரோந்து இல்லாத இடைவெளிகள், துண்டு துண்டாக வந்த தகவல்கள், அவற்றை ஒரே ஆள் உட்கார்ந்து கோக்காதது என்று பல காரணங்களை அடுக்கியது. கடைசியில் ஊடுருவியவர்கள் வந்திருப்பதை மே 3 அன்று கண்டு சொன்னது ஆடு மேய்ப்பவர்கள். ஒருகாலத்தில் அதே கூட்டு உளவுக் குழு நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுப்பிரமணியத்துக்கு, அந்த மேஜைக்கு வரவேண்டிய தாள் வராமல் போவது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சுதந்திரம் வந்தபோது மவுண்ட்பேட்டனின் ஆலோசகர் இஸ்மே பிரபு வரைந்து கொடுத்த பாதுகாப்பு அமைப்பு ஐம்பத்திரண்டு வருஷமாக மாறவில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் எழுதினார்கள். அதன் பிறகுதான் ராணுவத்துக்கென்று பொது உளவு அமைப்பு, தொழில்நுட்ப உளவு நிறுவனம் எல்லாம் வந்தன. முப்படைத் தளபதி என்கிற பதவி, அறிக்கையைத் தொடர்ந்து 2001இல் அமைச்சர் குழு பரிந்துரைத்தது, 2020 ஜனவரி 1 அன்றுதான் நிரப்பப்பட்டது. நல்ல குறிப்பு ஒன்று ஃபைலில் பத்தொன்பது வருஷம் கிடக்கும். கிடந்தாலும் எழுதப்பட்டிருந்தால்தான் ஒருநாள் எடுக்க முடியும்.

அறிக்கையில் எனக்குக் குறையும் உண்டு. யார் தவறினார்கள் என்று பெயர் சொல்லவில்லை. தண்டிப்பது எங்கள் வேலையல்ல, அமைப்பைப் பார்ப்பதே வேலை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பூசி மெழுகிவிட்டார்கள் என்று அப்போதே பலர் எழுதினார்கள். சாலையோரத்தில் கேள்வி கேட்ட பெரியவருக்குப் பாதி பதில்தான் கிடைத்தது.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குத் திடுக்கிடல் புதிதல்ல. 1323இல் பன்றியாழ்வான் மேட்டில் உற்சவம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் தில்லிப் படை நெருங்கிவிட்ட சேதி வந்ததாகக் கோயிலொழுகு சொல்கிறது. மூலவருக்கு முன்னால் அவசர அவசரமாகக் கல்சுவர் எழுப்பி, நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு பிள்ளை லோகாசாரியர் தெற்கே போனார். திருமலைவரை சுற்றிய பெருமாள் 1371இல்தான் திரும்பினார். நாற்பத்தெட்டு வருஷம். பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே மாலிக் காபூர் இதே ஊரைக் கொள்ளையடித்துவிட்டுப் போயிருந்தான் என்பதுதான் எனக்கு உறுத்தும். எச்சரிக்கை வராமல் போகவில்லை. முன்பே வந்த எச்சரிக்கையை யாரும் எச்சரிக்கையாகப் படிக்கவில்லை. பிறகு 1752இல் வியாபாரத்துக்கு வந்த பிரெஞ்சுக் கம்பெனியின் சிப்பாய்கள் இதே மதிலுக்குள் ஒளிந்து, வியாபாரத்துக்கு வந்த ஆங்கிலக் கம்பெனியிடம் சரணடைந்தார்கள். மிளகும் துணியும் வாங்க வந்தவர்களின் சண்டைக்குக் கோயில் கோட்டையானது. வர்த்தகமும் பாதுகாப்பும் வேறு வேறு தாள் என்று பிரித்துப் படிக்கிறவர்கள் ஒருநாள் ராஜகோபுரத்திலிருந்து உள்ளே ஏழு சுற்றும் நடந்து பார்க்கலாம்.

மறுபடி சுப்பிரமணியத்துக்கு வருவோம். கார்கில் போர் நடந்த அதே 1999இல் அவருக்குப் பத்ம பூஷண் அறிவித்தார்கள். வேண்டாம் என்றார். அரசு ஊழியரும் பத்திரிகையாளரும் அரசிடம் விருது வாங்கக் கூடாது, அரசின் தயவு அவர்கள்மேல் படிந்துவிடும் என்பது அவர் வாதம். இரண்டாகவும் இருந்தவர் அவர். இன்று விருதுப் பட்டியல் வரும் காலையில் அந்த இரண்டு இனத்தின் பெயர்களையும் எண்ணிப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

கடைசிப் பத்து வருஷங்களில் அவர் பேச்சில் பொருளாதாரம் மேலும் மேலும் இடம் பிடித்தது. அமெரிக்காவைச் சந்தேகத்தோடு பார்த்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர், அமெரிக்காவோடு அணு ஒப்பந்தம் வேண்டும் என்று வரிந்துகட்டி எழுதினார். சோரம் போய்விட்டார் என்றுகூடப் பழைய நண்பர்கள் நினைத்திருக்கலாம். அவர் கணக்கு வேறு. 1974 வெடிப்புக்குப் பிறகு உலகம் நமக்குக் கதவைச் சாத்தியிருந்தது. யுரேனியம் இல்லாமல் நம் அணு உலைகள் பாதித் திறனில் ஓடிக்கொண்டிருந்தன. சீனா எழும்பிக்கொண்டிருந்தது. அந்தக் கவலை அமெரிக்காவுக்கு இருக்கும்போதே கதவைத் திறந்துகொள் என்பது வாதம். இந்த நூற்றாண்டில் அறிவுதான் அதிகாரத்தின் நாணயம் என்பதையும் விடாமல் சொன்னார். 2005இல் மன்மோகன் சிங் உலகப் போக்குகளை ஆராய ஒரு பணிக்குழு அமைத்து அவரையே தலைவராக்கினார். அப்போது அவருக்கு எழுபத்தாறு வயது. ஒப்பந்தப் பேச்சில் அமெரிக்கப் பிரிவின் இணைச் செயலாளராக உள்ளே உட்கார்ந்திருந்தவர் மகன். வெளியே பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர் அப்பா. 2008 செப்டம்பர் 6 அன்று அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு விலக்கு அளித்தது. அந்த ஒப்பந்தம் நல்லதா என்று பரீட்சையில் நீங்கள் இரண்டு பக்கமும் எழுதலாம். அவர் ஒரு பக்கம்தான் எழுதினார், காரணங்களோடு.

2011 பிப்ரவரி 2 அன்று தில்லியில் காலமானார். மூன்று மகன்கள். ஜெய்சங்கர் போக, ஒருவர் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த விஜயகுமார், இன்னொருவர் வரலாற்றறிஞர் சஞ்சய் சுப்பிரமணியம்.

பிள்ளைகளே, அவரை உங்களுக்குத் தெய்வமாக்கிக் காட்ட இதை எழுதவில்லை. அவர் எழுதிய தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. அந்த வாசலுக்கு வந்து சேரக்கூடிய வீடுகள் நம் ஊரில் அன்றைக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1979க்குப் பிறகு நீங்கள் தமிழிலேயே எழுதலாம். லால்குடியிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் துறையூரிலிருந்தும் காலை முதல் பஸ்ஸில் வருகிறீர்கள். அதனால் உங்களில் ஒருவர் அந்த மேஜைக்குப் போகத்தான் போகிறார். சத்தம் போடாத ஏதோ ஒரு நாளில், மேலே இருப்பவர்களுக்குப் பிடிக்காத ஒரு விஷயம் உங்கள் கண்ணில் படும். யாரோ ஒரு டைப்பிஸ்ட் உங்கள் குறிப்புக்காகக் காத்திருப்பான். ‘பேசவும்’ என்று எழுதி அனுப்பாதீர்கள். நகல் யார் யாருக்கு என்பதை அவனிடம் விடாதீர்கள். நீங்களே படித்துப் பாருங்கள்.

கார்கில் அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. கடினமில்லை. கோச்சிங் நோட்ஸில் அதை நாலு வரியில் சுருக்கி வைத்திருக்கிறார்கள். அந்த நாலு வரியை விட்டுவிட்டு முழுசாகப் படியுங்கள். படித்து முடித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு, மின்விசிறிக்குக் கீழே இருக்கிற அந்த நாற்காலியை நானே எழுந்து விட்டுத்தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு டைப்பிஸ்ட்,
ஸ்ரீரங்கம்.

நகல்: நாற்காலிக்காக என்னோடு சண்டை போட்ட பிள்ளைக்கு.